ஆற்றில் விடாத பொட்டலம்

1994ஆம் வருஷம் வைகாசி மாதம். விடிந்தும் விடியாமலும் என் மகள் கலாமணி மேட்டுப்பாளையத்திலிருந்து முதல் பஸ் ஏறி, துடியலூரில் எங்கள் வீட்டு கேட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் ஒரு ஒயர் கூடை. இடது முழங்கைக்குக் கீழே காய்ச்சிய தோசைக் கரண்டியால் இழுத்த சூடு. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அவள் அப்படி வந்து நிற்பது அது மூன்றாவது முறை.

எங்கள் குலதெய்வமான ஆத்தாவை நம்புகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். எழுதுகிறவன் கோயம்புத்தூர் கோர்ட்டுகளில் முப்பது வருஷம் வக்கீலாக இருந்தவன், அதிலும் புருஷன் பெண்டாட்டி வழக்குகளில் பேர் எடுத்தவன். ஆகவே என் வார்த்தையை அப்படியே நம்பிவிடாமல் படியுங்கள். ஆத்தா செய்ததை மட்டும் நம்புங்கள்.

அந்தச் சம்பந்தத்தை நான்தான் தேடிப் பிடித்தேன். மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி, தோட்டம், சொந்த லாரி, நாலு தலைமுறைப் பெருமை. மாப்பிள்ளை பி.காம். பத்துப் பொருத்தமும் பார்த்தோம். அவனுக்குக் கோபம் வந்தால் கை எங்கே போகும் என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. அவனுக்குக் காரணமே தேவையில்லை. ரசத்தில் உப்புக் குறைந்தாலும் அடி, மண்டியில் விலை இறங்கினாலும் அடி. அவனைப் பெற்றவள் கூடத்தில் உட்கார்ந்து டி.வி. பார்ப்பாள். அடியின் சத்தம் அதிகமானால் டி.வி.யின் சத்தத்தையும் கூட்டி வைப்பாள்.

கலாமணி உள்ளே வந்து உட்கார்ந்தாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன்.

"சூடு வெச்சது யாரு பாத்தாங்க?"

"யாரும் பாக்கலீங்ப்பா. சமையக்கட்டுல."

"டாக்டர்கிட்டப் போனியா?"

"வெளியவே உடலீங்ப்பா."

"அப்ப நீயே கையத் தெரியாமச் சுட்டுக்கிட்டேன்னு அவங்க சொன்னா என்ன பண்ணுவே?"

என் மனைவி ருக்மணி சமையலறை வாசலில் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்த கிண்ணத்தோடு நின்றாள்.

"ஏனுங்க, இதென்ன கோர்ட்டுங்களா? பெத்த புள்ளைய நிறுத்தி வெச்சுக் குறுக்குக் கேள்வி கேக்கறீங்க?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. உள்ள போ" என்றேன். ஒன்றும் தெரியாதவன் நான் என்பது அந்த வீட்டில் அப்போது எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

அவளை ஏன் திருப்பி அனுப்பத் துடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொன்னால் காறித் துப்புவீர்கள். துப்புங்கள். என் மகன் செந்திலுக்குப் பெரிய இடத்தில் சம்பந்தம் முடிவாகி, ஆவணியில் கல்யாணம். நூற்பாலைக் குடும்பம். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையும் அவன் கூடப் பிறந்தவளும் கூறைச்சேலையின் ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்து நிற்க வேண்டும். கூடப் பிறந்தவள் புருஷனோடு வாழ்கிறவளாக இருக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கும். வாழாவெட்டி என்று பெயர் வாங்கியவளை அங்கே நிறுத்தினால் முன்வரிசைப் பெரிய மனிதர்கள் முகம் சுளிப்பார்கள். அந்த முகங்கள் சுளிக்காமல் இருப்பதற்காக என் மகள் முதுகில் பெல்ட் விழலாம் என்று நான் முடிவு செய்தேன். சட்டம் படித்தவன், தங்க மெடல் வாங்கியவன்.

கலாமணி இந்த முறை அசைந்து கொடுக்கவில்லை. "போகமாட்டேனுங்ப்பா. எனக்கு டைவர்ஸ் வாங்கிக் குடுங்க. எத்தனை பேருக்கு வாங்கிக் குடுத்திருக்கீங்க" என்றாள்.

"சரி, ஆத்தாவைக் கேப்போம்" என்றேன்.

கொடுமுடிக்குப் பக்கத்தில், வாய்க்கால் ஓரத்தில் இருக்கிறது எங்கள் குலதெய்வக் கோயில். அங்கே பூக் கேட்பது உங்களில் பலருக்கும் பழக்கம்தான். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளரளி, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் வெளியே தெரியாதபடி மடித்து நாரால் கட்டி ஆத்தாவின் காலடியில் வைப்பார்கள். வெள்ளை வந்தால் இது, சிவப்பு வந்தால் அது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரிப்பார்கள். வருவது ஆத்தாவின் வாக்கு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் கோயில் முறை.

அந்த வெள்ளிக்கிழமை பூசாரி பூக்களை எடுத்து வந்தார். "குடுங்க, நானே கட்டறேன்" என்று வாங்கிக்கொண்டேன். கோயில் கமிட்டியில் பெரிய கையாக இருந்தேன், அவர் மறுக்கவில்லை. தூணுக்குப் பின்னால் போய்க் கட்டினேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளரளியைத்தான் வைத்தேன்.

சாட்சிகளுக்குச் சொல்லிக் கொடுத்தே பழகிய ஆள் நான். அன்றைக்கு ஆத்தாவுக்கே சொல்லிக் கொடுத்தேன்.

"வெள்ளை வந்தா அவ புருஷன் ஊட்டுக்குப் போகணும் தாயி. செவப்பு வந்தா நம்ம ஊட்டுலயே இருக்கட்டும்" என்று கண்களை மூடி உரக்கச் சொன்னேன். குரல் தழுதழுக்கக்கூடச் செய்தது. அதுவும் கோர்ட்டில் பழகியதுதான்.

"நீயே எடு கண்ணு" என்றேன். கலாமணி கும்பிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை. அவள் அழவில்லை. அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு, "ஆத்தாளே சொன்னதுக்கு அப்பறம் நான் என்னத்தப் பேசறது" என்றாள். ருக்மணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

வாய்க்காலில் அப்போது தண்ணீர் அடைப்பு, மணல்தான் தெரிந்தது. எனக்கோ அவசரம். மற்றப் பொட்டலத்தை எடுத்து மகள் கையில் கொடுத்து, "மேட்டுப்பாளையம் போனதும் பவானியில உட்டுரு" என்றேன். செய்த குற்றத்தின் தடயத்தை எதிராளி கையில் கொடுக்கிற மடத்தனத்தை என் கட்சிக்காரன் ஒருவன் செய்திருந்தால் ஆபீசை விட்டே துரத்தியிருப்பேன். அவள் முறை தவறமாட்டாள், பிரித்துப் பார்க்கமாட்டாள் என்று எனக்கு அத்தனை நம்பிக்கை. அவளுடைய பக்தியை நம்பித்தான் அவளை ஏமாற்றினேன்.

ஆடி வந்தது. ஊரில் மற்ற அப்பன்மார்கள் கட்டிக் கொடுத்த பெண்களைச் சீரோடு வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். நான் கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் நிறமா சந்தன நிறமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒரு நாள் காலை மேட்டுப்பாளையத்திலிருந்து போன் வந்தது. கலாமணியைக் காணோம்.

போய் இறங்கினேன். சம்பந்தியம்மாள் கூடத்திலேயே இருந்தாள். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்க சம்பந்தி, உக்காருங்க. மோர் குடிக்கறீங்களா? உங்க புள்ளை காத்தால இருந்து ஊட்ல இல்லீங்க. யாரு கூடப் போச்சோ, நமக்கென்னங்க தெரியும்? சாமி பூக் குடுத்துத்தான் அனுப்புச்சுன்னு பெருமையாச் சொன்னீங்க. அந்தப் பூவுக்கே பொறுக்கலையாட்ட இருக்குதுங்க."

எங்கள் பக்கத்தில் மானத்தை வாங்கும்போதும் மரியாதை குறையாது. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுத்தான் கழுத்தை அறுப்பார்கள். மாப்பிள்ளை வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ராத்திரி என்ன நடந்துது மாப்ளை?" என்றேன்.

"ஒண்ணும் இல்லீங்க மாமா. புருஷன் பொண்டாட்டிக்குள்ள எப்பவும் நடக்கறதுதானுங்க" என்றான், துணியைப் பிழிந்தபடியே.

அந்த வாக்கியத்தை நான் எத்தனை மனுக்களில் எழுதியிருக்கிறேன்! 'கணவன் மனைவிக்கிடையே சாதாரணமாக ஏற்படும் கருத்து வேறுபாடு.' அடித்தவனுக்காக நான் எழுதிய வாக்கியம் அவன் வாயிலிருந்து என்னிடமே திரும்பி வந்தது.

அங்கிருந்து ஆற்றுக்கு ஓடினேன். அறுபது வயசில், வேட்டி அவிழ அவிழ ஓடினேன். ஆடி மாதத்துப் பவானி கலங்கலாக, கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. படித்துறையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கு முன் நான் மனதார வேண்டியதே இல்லை என்று அப்போது புரிந்தது. ஆத்தா முன்னால் வாதாடியிருக்கிறேன், அவ்வளவுதான். அன்றைக்கு வாதம் எதுவும் வரவில்லை.

"தாயே, ரெண்டுலயும் வெள்ளைதான் வெச்சேன். உன் வாயில என் பொய்யைப் போட்டேன். அதுக்கு என்னை என்ன வேணும்னாலும் பண்ணு. என் புள்ளைய மட்டும் உசுரோட குடு. அவ கேட்டதை என் கையால வாங்கிக் குடுக்கறேன். கல்யாணம் நின்னாலும் நிக்கட்டும்."

எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. சத்தமாகவே சொல்லியிருக்கிறேன். கீழ்ப்படியில் துணி அலசிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்க, செவப்பா, ஒல்லியா, நீலச் சேலை கட்டுன புள்ளையவா தேடறீங்க?"

தலையை ஆட்டினேன்.

"காத்தால இந்தப் படியிலதானுங்க ரொம்ப நேரம் உக்காந்திருந்துச்சு. எனக்குப் பயமாப் போச்சு, துணியப் போட்டுட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன். முந்தானைல இருந்து ஒரு எலைப் பொட்டலத்தை எடுத்துத் தண்ணில உடப் போச்சுங்க. அப்பறம் என்னமோ நெனச்சுக்கிட்டுப் பிரிச்சுப் பாத்துச்சு. பாத்துப்போட்டுச் சிரிச்சுதுங்க. நல்ல சிரிப்பு இல்லீங்க அது. வெடுக்குன்னு எந்திரிச்சு, 'அக்கா, கொடுமுடிக்கு எப்படிப் போறது'ன்னு கேட்டுப்போட்டு பஸ்ஸுக்குப் போயிருச்சு."

நான் அந்த அம்மாளின் காலில் விழுந்தேன். "அட, என்னங்க இது, எந்திரிங்க!" என்று பதறிப்போனாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன். என் பொய் பிடிபட்டுவிட்டது, என் மகள் உயிரோடு இருக்கிறாள். இரண்டும் ஒரே செய்தியாக வந்தன.

கோயில் போய்ச் சேர்ந்தபோது வெயில் தணிந்திருந்தது. கலாமணி ஆத்தாவுக்கு எதிரே கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் நான்கு விரல் தடம். பக்கத்தில் தரையில் அந்த வாழையிலை காய்ந்து சருகாகிக் கிடந்தது, நடுவில் அரளிப் பூ. செவ்வரளி காய்ந்தாலும் கருஞ்சிவப்பாக நிற்கும். இது வெளிறிப் பழுத்த வெள்ளை. தோட்டத்தில் வளர்ந்த பெண்ணுக்கு அது தெரியாதா?

"சாகத்தானுங்ப்பா போனேன்" என்றாள் என்னைப் பார்க்காமலே. "இந்தப் பொட்டலத்தை உடறதுக்கு இத்தனை நாளும் மனசு வரலை. நமக்குக் கெடைக்காத செவப்பு இதுக்குள்ள இருக்குதுன்னு டிரங்குப் பெட்டில ஒளிச்சு வெச்சிருந்தேன். போறதுக்கு முன்னால ஒருக்கா அதைப் பாத்துட்டுப் போலாம்னு பிரிச்சேன்."

காய்ந்த பூவை விரலால் என் பக்கம் தள்ளினாள்.

"பாத்ததும் கோவம் வந்துருச்சுங்ப்பா. ஆத்தா என்னை அனுப்பலை, நீங்கதான் அனுப்பிச்சிருக்கீங்க. அப்பறம் நான் எதுக்குச் சாகோணும்?"

நான் அவள் முன்னால் கை கூப்பினேன். "எங்கிட்டச் சொல்லாதீங்க. அங்க சொல்லுங்க" என்று ஆத்தாவைக் காட்டினாள். "சத்தமாச் சொல்லுங்க. அன்னிக்குச் சத்தமாத்தானே வேண்டுனீங்க?"

சொன்னேன். பூசாரி இருந்தார். பொங்கல் வைக்க வந்த ஒரு குடும்பம் இருந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி, நான் ஆத்தாவை ஏமாற்றிய விதத்தைச் சொன்னேன். பூசாரி விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "வக்கீலய்யா, இனிமேல் உங்க கையில பூக் குடுக்கமாட்டேனுங்க" என்றார். இன்றுவரை கொடுக்கவில்லை.

கலாமணி எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "ஊட்டுக்குப் போலாங்ப்பா. அம்மா தேடும்" என்றாள்.

என் பொய்யை மறைக்க நான் ஆற்றுக்கு அனுப்பிய அதே பொட்டலத்தை ஆத்தா பிடித்து வைத்திருந்து, அதைக் கொண்டே என் மகளைக் கரை ஏற்றினாள். நான் படித்துறையில் அழுவதற்கு முன்பே என் வேண்டுதலை நிறைவேற்றிவிட்டாள். இதைத் தற்செயல் என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். பழைய நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அந்த ஆளின் பேச்சை நான் இப்போது காதில் போட்டுக்கொள்வதில்லை.

செந்தில் சம்பந்தம் அந்த வாரமே நின்றது. பெண் வீட்டார் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். அக்கா வாழாத வீட்டுக்குத் தங்கள் பெண் வந்தால் அவளும் வாழமாட்டாளாம். வாழாமை என்ன, அம்மை நோயா? செந்தில் ஒரே வார்த்தைதான் சொன்னான்: "தப்பிச்சேன்."

பிறகு வழக்கு. பெண்ணுக்கு அப்பனே வக்கீலாக நிற்பது சரியில்லை என்று வேறொருவரை வைத்தோம். எதிர்த்தரப்புக்கு வந்தவன் என்னிடம் எட்டு வருஷம் ஜூனியராக இருந்த பையன். மனைவி திரும்ப வந்து குடும்பம் நடத்த உத்தரவிட வேண்டும் என்று முதலில் ஒரு மனு போட்டான். சேர்ந்து வாழும் மனு என்போம். சேர்ந்து வாழ எண்ணமே இல்லாத புருஷன்மாருக்குத்தான் நான் அதை அதிகம் போட்டிருக்கிறேன். பெண்ணை அலைக்கழித்துப் பணிய வைக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. வராந்தாவில் என்னைப் பார்த்ததும் அவன் கைகட்டி நின்றான்.

"ஐயா தப்பா நெனைக்கக் கூடாது. ஐயா சொல்லிக் குடுத்த டிராஃப்ட்தானுங்க. ஒரு வரிகூட மாத்தலை."

"தெரியுது தம்பி. எழுத்துப்பிழைகூட என்னுதுதான்" என்றேன்.

நான் சாட்சிக் கூண்டில் ஏறினேன். முப்பது வருஷம் அடுத்தவர்களை நடுங்க வைத்த இடம். அவன் என் பாணியிலேயே சிரித்துக்கொண்டு கேட்டான்.

"மூன்று முறையும் நீங்களே உங்கள் மகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். அடித்தார்கள் என்று அவர் சொன்னதை நீங்களே நம்பவில்லை. சரிதானே?"

"சரியல்ல. நம்பினேன். நம்பித்தான் அனுப்பினேன்."

அவன் கேஸ் கட்டைப் புரட்டினான். நான் நிறுத்தாமல் பூக் கேட்ட கதையையும் சொன்னேன். அது வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று அவன் ஆட்சேபித்தான். நீதிபதி கேட்டுக்கொண்டிருந்தார். மண்டிக்காரர்கள் அடுத்த வாய்தாவுக்குள் இரண்டு தரப்பும் சம்மதித்துப் பிரியும் மனுவுக்கு வந்துவிட்டார்கள். அடித்தது வெளியே தெரிவதைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. அடுத்த சம்பந்தம் தேடும்போது இந்தக் கதை ஊரெல்லாம் முன்னால் போய் நிற்குமே என்றுதான் கவலை. கோர்ட்டில் தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்லும் அம்மையார் கலாமணியிடம், "கடைசியாக் கேக்கறேன், யோசிச்சுச் சொல்லும்மா" என்றார். "ஆத்தங்கரை வரைக்கும் போய் யோசிச்சுட்டேனுங்க" என்றாள் அவள். சட்டம் கேட்கிற காத்திருப்பு முடிந்து, 1996இல் தீர்ப்பு வந்தது.

இப்போது கலாமணி ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சர். என்னை மன்னித்தாளா என்று கேட்டதில்லை. கேட்கிற தகுதி எனக்கில்லை. சாப்பிடும்போது எனக்கு எதிரே உட்காருகிறாள், போதும். நான் அந்த மாதிரி மனுக்கள் எழுதுவதை விட்டேன். அடிபட்டு வருகிற பெண்களுக்கு மட்டும் வழக்கு நடத்துகிறேன். குறுக்கு விசாரணையை அடித்தவனுக்கு வைத்திருக்கிறேன்.

செந்திலுக்குப் போன தை மாதம் கல்யாணம் நடந்தது. இணைச்சீர் நேரத்தில், சடங்கை நடத்தும் அருமைக்காரர் என் காதருகே குனிந்து, "ஏனுங்க, பெரியப்பா மகள் யாராச்சும் இருந்தா நிறுத்திக்கலாங்களா?" என்றார். முன்வரிசையில் அந்தப் பெரிய மனிதர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். இவர்கள் முகத்துக்குப் பயந்தா என் மகளை ஆற்றங்கரை வரைக்கும் துரத்தினேன்? ஒருவன் பல் குத்திக்கொண்டிருந்தான். ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"எனக்குக் கூடப் பொறந்தவ இவ ஒருத்திதானுங்க. நடத்துங்க, இல்லீன்னா எறங்குங்க" என்றான் செந்தில், நான் வாய் திறப்பதற்குள். அக்காவைக் காட்டவேண்டிய கை பதற்றத்தில் மணப்பெண்ணைக் காட்டியது. பந்தலே சிரித்தது, கலாமணியும் சிரித்தாள். கூறைச்சேலையின் தலைப்பைத் தம்பியின் கையிலிருந்து வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேர் எழுந்து போனார்கள். சாப்பாட்டுப் பந்தியில் பார்த்தேன், முதல் வரிசையில் இருந்தார்கள்.

ஆத்தாவுக்கு நான் பட்ட கடனைத் தீர்க்க முடியாது, சொல்லத்தான் முடியும், சொல்லிவிட்டேன். என்னைப் போல் பெண்ணைப் பெற்றுவிட்டு ஊருக்குப் பயந்துகொண்டிருக்கிறவர்களே, ஆத்தாவை நம்புங்கள். உங்கள் பொய்யையும் தாங்கிக்கொண்டு உங்கள் பிள்ளையைக் காப்பாற்றுகிறவள் அவள். தாராளமாகப் பூக் கேளுங்கள். ஆனால் பொட்டலத்தை உங்கள் மகள் கட்டட்டும்.